புகைவீட்டுக் கண்ணாடி

போன வாரம் கிரகணத்தன்று பக்கத்து வீட்டுக் குமாரைக் கைத்தடியால் அடித்துவிட்டேன். மண்டையில் இல்லை, பயப்படாதீர்கள், மணிக்கட்டில்தான். வாசலில் நின்றுகொண்டு, தன் அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாளின் விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் கடிபட்டுத் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். படம் பறந்துபோய்ச் செம்பருத்திச் செடியில் விழுந்தது.

"அலமாக்! என்னா தாத்தா, அடிக்கிறீங்க?"

"ஆமாண்டா, அடிச்சேன். இன்னொரு வாட்டி தூக்கிப் பாத்தியானா முட்டியைப் பேத்துடுவேன்."

அவனுக்கு முப்பது வயது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். என்னைத் தூக்கிச் சாக்கடையில் போட எவ்வளவு நேரமாகும்? நல்ல பிள்ளை, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றான். என் மருமகள்தான் ஓடிவந்து அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். "இந்த வயசுலயும் கை நீளுதே மாமா" என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

நீளத்தான் செய்கிறது. எனக்குக் கோபம் முதலில் கைக்குத்தான் வரும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் யாராவது கீழே கிடப்பார்கள். பல சமயம் அது நானாக இருக்கும், அது வேறு கதை. என் முன்பல் இரண்டும் எங்கே போயின என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கரும்பு கடித்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவை ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் விழுந்தன. அதுவும் ஒரு கிரகண நாள்தான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ரெங்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சீனருடைய மளிகைக்கடையை ஒட்டின சாய்ப்பில் படக்கடை வைத்திருந்தேன். ஒரு மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி, மாளிகையும் படிக்கட்டும் வரைந்த ஒரு திரைச்சீலை. படம் கழுவும் ஹைப்போவின் நெடியும் சீனர் கடைக் கருவாட்டு வாடையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் கருவாடு வறுத்தால் எனக்குக் கல்யாணக் கோலத்தில் நிற்கிற மாப்பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் வந்து, அந்த மாளிகைக்கு முன்னால் விறைத்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் இருப்பவர்கள் அந்தப் படிக்கட்டில்தான் தினமும் ஏறி இறங்குகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் காலமே அடிதடிக் காலம். வெள்ளைக்காரத் தொரை கணக்கெழுதுகிற கிராணியை வைவார், கிராணி ஆட்களை மேய்க்கிற மண்டோரை அறைவார், மண்டோர் பால் வெட்டுகிறவனை உதைப்பார், அவன் கள்ளுக்கடையிலிருந்து திரும்பிப் போய்ப் பெண்டாட்டியை அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போனால் ஏதாவது ஒரு வீட்டில் சட்டி உடையும் சத்தம் கேட்காமல் இருக்காது. திங்கட்கிழமை அதே புருஷனும் பெண்டாட்டியும் என் கடைக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் கன்னத்து வீக்கம் தெரியாமல் முகத்தை எந்தப் பக்கம் திருப்பி உட்காரவைக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி.

கிரகணத்தைப் படம் பிடிக்கச் சொன்னவர் அந்தத் தோட்டத்துத் தொரைதான். தன் நாட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். வடக்கே கெடாப் பக்கம் சூரியன் முழுசாக மறையும், நம் பக்கம் பிறை அளவு மிஞ்சும் என்று சொன்னார். சூரியனை நான் அதற்கு முன்னால் படம் பிடித்ததில்லை. நிலாவைப் பிடித்திருக்கிறேன். நிலா அடக்கமான ஆள், வெளிச்சம் குறைவு, அதனால் மூடியைத் திறந்துவைத்துவிட்டு ஒரு வெற்றிலை போட்டு முடித்தேன். அதற்குள் நிலா நகர்ந்துபோய்விட்டது. படம் விழுந்த கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தால் வாழைப்பழம். சீனர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னை மலாயில் வாழைப்பழம், 'பீசாங்' என்றே கூப்பிட்டார்.

சூரியன் விஷயம் தலைகீழ். அதற்குப் பொறுமை கிடையாது, கண்ணிமைக்கும் நேரம் போதும். கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பிப் பழகின முதல் நாளே, வில்லைக்குள் புகுந்த வெயில் உள்ளே போட்டிருந்த துணியில் காலணா அளவுக்கு ஓட்டை போட்டது. துணிக்கு அந்தக் கதி என்றால் கண்ணுக்கு? தொரையே வந்து சொல்லிக்கொடுத்தார்: மண்ணெண்ணெய் விளக்கில் இரண்டு கண்ணாடியை நன்றாகக் கரியேற்றி வில்லைக்கு முன்னால் கட்டு, வில்லையின் வாயை ஊசித் துளை அளவுக்குச் சுருக்கு, எக்காரணம் கொண்டும் சூரியனை நேரே பார்க்காதே. கேமராவின் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும், அதில் சூரியன் தலைகீழாக விழும். அதை மட்டும் பார். கரிக் கண்ணாடியே ஆகாது, அதற்கென்று தனிக் கண்ணாடி விற்கிறது என்று இப்போது பேப்பரில் எழுதுகிறார்கள். எழுதட்டும், என் கண் இன்றும் ஊசி கோக்கும்.

இந்த இடத்தில் சடையனைச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் ரப்பர் சீட்டுகளைப் புகை போடுகிற புகைவீட்டுக்கு அவன்தான் மண்டோர். பனைமரம் மாதிரி உயரம், கையில் எப்போதும் ஒரு பிரம்பு. ஆள் முகத்தைப் பார்க்காமலே அடிப்பான், அடித்த பிறகு யாரென்று பார்ப்பான். நானும் அவனும் கள்ளுக்கடையில் இரண்டு தடவை கட்டிப் புரண்டிருக்கிறோம். ஒரு தடவை அவன் மேலே, ஒரு தடவை நான் மேலே. தோட்டத்தில் அவனைத் திருப்பி அடித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

புகைவீட்டுச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். உள்ளே எட்டிப் பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டது. வருஷக்கணக்கில் ரப்பர் புகை பட்டுப் பட்டு அந்தக் கண்ணாடி கெட்டியான கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்திருந்தது. கிரகணம் பார்க்க ஆளாளுக்கு விளக்கில் கண்ணாடியைக் கரியேற்றிக்கொண்டிருந்தபோது சடையன், "நம்ம புகையை விட ஒங்க விளக்குப் புகை ஒசத்தியாடா?" என்று சொல்லி அந்த ஜன்னல் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டான். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். அவ்வளவு கறுப்பான கண்ணாடி தோட்டத்திலேயே வேறு இல்லை. அது வெளிச்சத்தைத்தான் தடுக்கும், சூட்டை உள்ளே விட்டுவிடும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கூசினால் கண்ணை மூடிக்கொள்வோம். கூசாமல் சுடுவதுதான் ஆபத்து.

அவன் பெண்டாட்டி அஞ்சலை அப்போது ஏழு மாசம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள், இரண்டும் பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தவை. கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துபோகும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை, உங்களுக்குத் தெரியாததா? சடையன் அவளை லயத்து வீட்டுக்குள் விட்டு, ஜன்னல் இடுக்கெல்லாம் சாக்கை அடைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் வந்தான்.

நான் பெரட்டுக் களத்தின் ஓரத்தில், ஸ்டோருக்குப் பின்னால் முக்காலியை நட்டிருந்தேன். காலையில் பெரட்டுக்கு ஆள் நிற்கிற இடம் அது, அன்றைக்கு மத்தியானம் அங்கே தோட்டமே கூடியிருந்தது. சூரியன் உச்சியை விட்டு இறங்கின நேரம். கேமரா மூக்கை மேலே தூக்கி நின்றது. கறுப்புத் துணி பின்னால் கூடாரம் மாதிரித் தரை வரைக்கும் தொங்கியது. ஒரு தட்டில் சூரியனைப் பிடித்து முடித்துவிட்டு, அடுத்ததற்காக நான் அதற்குள் குந்தி உட்கார்ந்திருந்தேன். வெளியே கொட்டு ஆரம்பமாகியிருந்தது. ராகுவை விரட்ட மண்ணெண்ணெய் டின், தாம்பாளம், பால் வாளி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டினார்கள். காது செவிடாகிற சத்தம்.

துணி விலகியது. அஞ்சலை நின்றாள். வீட்டின் பின்பக்கப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், கையெல்லாம் கீறல்.

"அண்ணே, கொஞ்சம் நவருங்க. நானும் பாக்கறேன்."

நான் கையை நீட்டி மறித்தேன். "போம்மா உள்ளே! ஒன் புருசன் பாத்தா ரெண்டு பேரையும் வெட்டுவான்."

"வெளியே வந்தாத்தானே தோசம்? இதுக்குள்ள இருட்டாத்தானே இருக்கு. இதுவும் உள்ளதானே?" என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வாட்டியும் சொன்னதெல்லாம் கேட்டேண்ணே. குனியாதேன்னாங்க, குனியல. புளி திங்காதேன்னாங்க, திங்கல. என்னா கெடைச்சுது? அப்பிடி என்னாதான் அது, நானும் பாத்துடறேன்."

நான் துணியை விட்டு வெளியே வந்துவிட்டேன், ஒரு கால் மட்டும் உள்ளே மிஞ்சியது. அவள் மங்கல் கண்ணாடியைப் பார்த்தாள். சுண்டுவிரல் நக அளவுக்குப் பிறைச் சூரியன், தலைகீழாக. "இத்துனூண்டா?" என்று அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. "இதுக்கா அண்ணே பயந்தோம்?"

அன்றைக்கு அந்தச் சிரிப்போடு சரி. கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு சடையன் நின்றான். ஆரம்பத்திலிருந்து யாருக்கும் கொடுக்காமல் தான் ஒருத்தனே பார்த்துக்கொண்டிருந்தவன். என்னுடைய துணிக்குள்ளிருந்து தன் பெண்டாட்டியின் குரல் வருகிறது, என் கால் இன்னும் துணிக்குள் இருக்கிறது. அவன் நினைத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். துணியோடு சேர்த்து அவள் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் அலறினாள். டின் சத்தத்தில் வாய் திறந்தது மட்டும்தான் தெரிந்தது. அவன் காலைத் தூக்கினான், அவள் வயிற்றுக்கு நேரே.

நான் முக்காலியின் ஒரு காலைப் பிடுங்கி அவன் முழங்காலில் போட்டேன். கேமரா சரிந்து விழுந்தது. அவன் பிரம்பைத் திருப்பி அதன் பூண் வைத்த முனையால் என் வாயில் குத்தினான். பல் இரண்டும் அப்போது போனதுதான். கீழே விழுந்த என் தோளில் ஏறி மிதித்தான், எலும்பு முறிந்ததை நான் கேட்கவில்லை, உணர்ந்தேன். அவன் காதைக் கடித்தேன். அசிங்கம்தான், வேறு ஒன்றும் எட்டவில்லை. அவனுடைய ஆட்கள் நாலைந்து பேர் வந்து என்னை உதைத்தார்கள். மற்றவர்கள் வானத்தைப் பார்த்து டின் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். எனக்கு முப்பதடி தூரத்தில் தோட்டமே நின்றது, ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தொரை பங்களா வாசலிலிருந்து துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார். ராகுவைச் சுட்டுவிட்டார் என்று சிலர் கும்பிட்டார்கள். பிறகு இறங்கி வந்து கைத்தடியால் என்னையும் சடையனையும் பாரபட்சமில்லாமல் விளாசிவிட்டு, "தட்டு உடையவில்லையே?" என்று கேட்டார். உடையவில்லை. அவருக்கு வேண்டிய சூரியன் அதில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, இனித் தோட்டத்தில் கால் வைக்காதே என்றார்.

சடையன் காதில் ரத்தம் வழிய என்னிடம் சொன்னது மட்டும் அந்த அமளியிலும் தெளிவாகக் கேட்டது. "பிள்ளை மூளியாப் பொறந்தா ஒன்னை உசுரோட விடமாட்டேன். பாத்துக்க."

அந்த இரண்டு மாசம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். தோளில் கட்டு, கஞ்சிதான் ஆகாரம், தலையணைக்கடியில் ஒரு பாராங் கத்தி. கண்ணாடியில் விழுந்த சூரியனைப் பார்த்ததால் கர்ப்பிணியின் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் பகலில் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தக்காத வயிறு அது. மூன்றாவதுக்கு ஒன்று ஆனால் பழி யார் தலையில்? மாரியம்மன் கோயிலுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவன் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் செய்தி கொண்டுவருவார்கள். சடையனுக்கு வெறி முற்றிவிட்டதாம், எதிரில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் அறைகிறானாம், ஒரு நாள் கிராணியையே பிரம்பால் அடித்துவிட்டானாம். அஞ்சலையை அடிக்கக் கை ஓங்கி வாசற்காலில் இடித்துக்கொண்டானாம். அவள் விறகுக்கட்டையை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாளாம். இதைக் கேட்டபோது கட்டுப் போட்ட தோளோடு சிரித்தேன், வலித்தது.

ஒரு மத்தியானம் அவனே வந்தான். இடது கையில் துணி சுற்றின பிள்ளை, வலது கையில் பாராங். நான் தலையணைக்கடியில் வைத்திருந்தது உள் அறையில் கிடந்தது. மாளிகைத் திரைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றேன்.

"சொல்றா. இதுக்கு ஒதடு முழுசா இருக்கா?"

எட்டிப் பார்த்தேன். பெண் குழந்தை, கொட்டாவி விட்டது. ஒரு குறையும் இல்லை. என் உயிர் திரும்பி வந்த வேகத்தில் கோபமும் கூடவே வந்துவிட்டது. "ஒன் கண்ணு என்னா அவிஞ்சா போச்சு? நீயே பாரேண்டா!"

ஓங்கி வெட்டினான். என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, திரையில் இருந்த மாளிகையின் மாடி கிழிந்தது. இன்னொரு வீச்சு, இந்தப் பக்கம் படிக்கட்டு போனது. இவ்வளவு பக்கத்தில் நிற்கிற என்னைத் தவறவிடுகிறவன் இல்லை சடையன். மணிக்கட்டை முறுக்கிக் கத்தியைத் தட்டிவிட்டு மூக்கில் ஓங்கிக் குத்தினேன். அவன் கை தூக்கித் தடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடியை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றான். அடுத்த குத்துக்கு ஓங்கின கை எனக்கு இறங்கவில்லை.

"ஒன் மூஞ்சி எங்கடா இருக்கு?" என்றான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. "சட்டை தெரியுது, கால் தெரியுது, சொவரு தெரியுது. எதைப் பாக்கறேனோ அது மட்டும் இல்ல. அன்னையிலேர்ந்து இப்பிடித்தான். நடுவுல ஒரு கறுப்பு."

அவனிடம் முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமாயிற்று. அன்று சாயங்காலமே வந்துவிட்ட கறுப்பு. வெளியே சொன்னால் மண்டோர் வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. முகம் தெரியாததால்தான் எதிரில் நின்றவனையெல்லாம் அடித்திருக்கிறான்.

"எல்லாரும் பிள்ளை நல்லாருக்குன்றாங்க. மொத ரெண்டையும் எங்கிட்ட காட்டாமலே பொதைச்சாங்க. எங்கிட்ட அத்தனை பேருக்கும் பயம்டா, எவன் நெசம் சொல்லுவான்? ஒனக்குத்தான் பயம் கெடையாது. நீ சொல்லு."

அதற்காகத்தான் என்னிடம் வந்திருக்கிறான். கத்தி எதற்கு என்றால், வெறுங்கையோடு கேட்க அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நான் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெல்ல இழுத்தான். திரும்ப இழுத்தான். பிள்ளை விரலைச் சப்ப ஆரம்பித்தது.

"முழுசா இருக்குடா. ஒன்னை மாதிரியே கோணவாய், அது ஒண்ணுதான் கொறை" என்றேன்.

"செருப்பால அடிப்பேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். அழுகையை மறைக்க முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியவன், அப்படியே நின்றுவிட்டான். "இருடா... தெரியுது. பிள்ளை மூக்கு தெரியுது. இந்த ஓரத்துல தெரியுதுடா!" நேரே பார்த்தால் மறைகிற முகம், வேறு எங்கோ பார்க்கும்போது கண்ணின் ஓரத்தில் வந்திருக்கிறது. அஞ்சலை மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தபோது, கிழிந்த மாளிகையின் கீழே இரண்டு முரடர்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். பயந்துபோய் முதலில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

பவளம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வயதில் படம் எடுக்க மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். திரையைத் தைத்துப் போட்டிருந்தேன், மாளிகையின் குறுக்கே தையல் தெரியும். அஞ்சலை என்னைப் பார்த்தாள், பவளம் அப்பா மடியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தது. சடையன் வாசலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஊருக்குப் போற படம்யா. பிள்ளையைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தாண்டி இருக்கேன்."

அப்படியே மூடியைத் திறந்தேன். பொட்டைப் பிள்ளை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை. கண் போனது தெரிவதை விட அந்தப் பேச்சு அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

ஜப்பான்காரன் வந்தபோது என் கடை போயிற்று. கண்ணாடித் தட்டுகளை யாரோ அள்ளிக்கொண்டு போய்ச் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டார்கள். எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை பெண்கள், எல்லாம் எவர் வீட்டுக்கோ வெளிச்சமாகப் போயின. சடையனைச் சயாமுக்கு ரயில் போடப் பிடித்துப் போனார்கள். வரிசையில் நின்றபோதும் பவளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லையாம். அவன் திரும்பி வரவில்லை. அஞ்சலையும் போய்ச் சேர்ந்தாள். புகைவீடு இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை, பெரட்டுக் களம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பவளம் பேரன் பேத்தி எடுத்தபிறகு ஒரு தடவை என்னைத் தேடி, நான் இப்போது இருக்கிற தம்போய்க்கு வந்தாள். பையில் அந்தப் படம், ஓரமெல்லாம் செல்லரித்து.

"அப்பாவுக்குக் கண்ணு அப்பிடின்னு அம்மா சொல்லும் மாமா. எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன். நீங்க மூஞ்சிக்கு நேரா பேசுறவருன்னு அம்மாதான் சொல்லும். நெசத்தைச் சொல்லுங்க. இதுல எங்கப்பா என்னைப் பாக்குறாரா, இல்லியா?"

உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். பல் போனதையும், காதைக் கடித்ததையும் விடவில்லை. அவள் படத்தை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு மெதுவாக முகத்தை மட்டும் எங்கள் வாசல் பக்கம் திருப்பினாள், அவன் திருப்பியிருந்த அதே பக்கம்.

"இப்பிடியா மாமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.